துரைப் படகுக்கு உடைக்காத தேங்காய்

இரும்புப் படகுக்கு நோய் உள்ளேயிருந்துதான் வரும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தண்ணீர் தேங்கும் மூலையில் தகடு அப்பளம் போலப் பொருமியிருக்கும். அதனால் பிரஷைத் தொடுவதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு மணி போல ஒலிக்கும். செத்த தகடு வாய் திறக்காது.

மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் தெங்கேரா கடலோரத்தில் ஒரு படகுப் பட்டறையில் பெயிண்டர். என்னோடு இருந்தவர் வீராசாமி அண்ணன். சிப்பிங் சுத்தியலால் துருவைத் தட்டி எடுப்பது அவர் வேலை. பின்னாலேயே வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் லெட் சிவப்புப் பூச்சை அடிப்பது என் வேலை.

அண்ணன் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் அவர் தம்பி கண்ணன் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவன். காட்டில் இருந்தவர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தடுப்பு முகாமில் போட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போவதாகப் பேச்சு. கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்தவன் அவன். இந்தியாவில் அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது.

அந்தத் தோட்டத்துத் துரையின் பாய்மரப் படகுதான் எங்களிடம் வந்தது. முழுக்க இரும்பு. விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"வீராசாமி, நல்லா செய். சனிக்கிழமை வாங்குற ஆள் வரும். படகு வித்தா, உன் தம்பிக்கு நான் போலீஸ்ல பேசும்" என்றார்.

அண்ணன் குனிந்து படகின் வயிற்றுக்குள் நுழைந்தார். பாய்மரத்தின் அடியில் உட்கார்ந்து கூப்பிட்டார்.

"தங்கராசு, இங்க காது வச்சுக் கேளு."

தட்டினார். சத்தமே இல்லை. வெளியே பார்த்தால் அந்த இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. அறுத்தெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் பண்ண வேண்டும். துரையிடம் சொன்னோம்.

"எனக்குத் தெரியும். டைம் இல்ல. சிமெண்ட் பூசு, மேல பெயிண்ட் அடி."

அடித்தோம். "பொணத்துக்குப் பவுடர் போடற மாதிரி இருக்கு லா" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை வந்தது. தோட்டத்துக்குப் புது லாரி வந்தாலும் மெஷின் வந்தாலும் சூடம் ஏற்றித் தேங்காய் உடைப்பது வழக்கம். உடைப்பவர் அண்ணன்தான், துரையும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். வாங்க வந்த வெள்ளைக்காரருக்கும் அதைக் காட்ட ஆசைப்பட்டார். வாங்க வந்தவர் மனைவியோடு வந்திருந்தார். அவர்களுடைய சின்னப் பெண் குழந்தை அதற்குள் ஏணியில் ஏறிப் படகில் நின்று சிரித்தது.

அண்ணன் சூடம் ஏற்றினார். தேங்காயைக் கையில் எடுத்தார். குழந்தையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஒடை மேன்!" என்றார் துரை.

"முடியாது துரை. அழுகலை மூடி வச்சுட்டு ஆத்தா பேரைச் சொல்லி ஒடைக்க மாட்டேன்."

நான் பதறிப்போய்க் காதோரம், "அண்ணே, கண்ணனை நெனைங்க" என்றேன்.

"அவனத்தான்டா நெனைக்கிறேன். அவனும் கப்பல்லதானே போகப் போறான்."

தேங்காயைக் கீழே வைத்தார். சுத்தியலை எடுத்து, நாங்கள் மூடிய இடத்தில் ஒரே போடு. முனை தகட்டுக்குள் இறங்கி நின்றது. துருவும் சிமெண்டும் உதிர்ந்தன. வெள்ளைக்காரர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். குழந்தையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

துரை காரில் ஏறும்போது சொன்னார்: "தம்பி பேச்சு இனிமே என்கிட்ட வேணாம்."

அன்று சாயங்காலம் அண்ணனைத் தனியே விட மனமில்லாமல் தோட்டம் வரை சைக்கிளில் கூடவே போனேன். தேங்காயைத் துண்டில் முடிந்திருந்தார், கோயிலில் வைக்கலாம் என்று. முள்கம்பி கேட்டில் சோதனை. காட்டுக்குப் போய்விடும் என்று சாப்பாட்டுச் சாமான் எதையும் சும்மா விடமாட்டார்கள்.

"சாமிக்கு, துவான்" என்று காவல்காரரிடம் பணிவாகச் சொன்னார் அண்ணன்.

அவர் நம்பவில்லை. உள்ளே எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பாராங் கத்தியால் ரோட்டிலேயே வைத்துப் பிளந்தார். தண்ணீர் மண்ணில் ஓடியது. பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அண்ணன் குனிந்து இரண்டு மூடியையும் எடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தன. "காய் நல்ல காய்தான் தங்கராசு" என்றார். அப்புறம் அழுதார்.

கண்ணனைக் கப்பலேற்றிவிட்டார்கள். அண்ணன் மறுபடி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சத்தம் வராத இடத்தில் பெயிண்ட் அடிக்காதீர்கள். அப்படி இருந்தால் நல்லது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு நடக்கவில்லை. ஆனால் அப்பன் தோளில் அந்தக் குழந்தை கரையேறிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். மாரியாத்தாவுக்கு விளக்கேற்றும்போது கண்ணனையும் அந்தக் குழந்தையையும் சேர்த்தே சொல்லிக் கும்பிடுகிறேன்.