ஊட்டா ஆய்த்தா?

முருகனை நம்பியிருக்கும் உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லாமல் என் மனம் ஆறாது.

என் மகள் வள்ளிக்கு நான்கு வயது. மூளை வாதத்தோடு பிறந்தவள். உட்காரமாட்டாள், பேசமாட்டாள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். விழுங்க முடியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. பாலாடையில் கஞ்சி புகட்டினால் இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிடும். கஞ்சி நுரையீரலுக்குள் போய் ஓயாத சளியும் காய்ச்சலும். எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

என் கணவருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து, விருதுநகர் பக்கமிருந்து சூளகிரிக்குக் குடிவந்த புதிது அது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா என்னைப் பார்த்தால் போதும், "ஊட்டா ஆய்த்தா?" என்பார். பிள்ளைக்கு ஊட்டியாச்சா என்று கேட்பதாகத்தான் என் காதில் விழும். ஊட்ட முடியாதவளிடம் தினமும் இதையா கேட்பது? உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனி வாய் வழியா எதுவும் குடுக்காதீங்கம்மா. வயித்துல குழாய் வச்சுத்தான் குடுக்கணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

எனக்கு மனசே வரவில்லை. பெற்றவள் கையால் ஒரு வாய்கூட வாங்காமல் ஒரு பிள்ளை வளருமா? வீட்டுக்கு வந்து முருகன் படத்தின் முன் விழுந்தேன். "இவளுக்கு என் கையால ஊட்டணும் முருகா. வேற எதுவும் கேக்கல."

எழுந்திருப்பதற்குள் வாசலில் அதே குரல். "ஊட்டா ஆய்த்தா?"

வெடித்துவிட்டேன். "எப்படிக்கா ஊட்டுவேன்? தொண்டையில எறங்க மாட்டேங்குதே!"

அக்கா பதறிப்போனார். "அய்யோ, பாப்பாவக் கேக்கலம்மா. ஒன்னத்தான் கேட்டேன். எங்க பாசைல ஊட்டான்னா சாப்பாடு. நீ சாப்ட்டியா?"

முந்தின நாளிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. களியும் கீரைச் சாறும் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தார். பாதியில்தான் எனக்கு உறைத்தது. ஊட்ட வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் வேண்டியிருக்கிறேன். என் பிள்ளை சாப்பிட வேண்டும் என்று ஒருநாளும் வேண்டவில்லையே! முருகன்தான் அந்த வாசலில் நின்று கேட்டான் என்று இன்றும் நம்புகிறேன்.

மறுநாளே டாக்டரிடம் சம்மதம் சொன்னோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது குழாயில் ஊசிக்குழலை மாட்டி உயர்த்திப் பிடிக்கிறேன். பால் மெதுவாக இறங்குகிறது. பிடித்திருப்பது என் கைதான். கேட்ட வரத்தையும் அவன் தராமல் விடவில்லை.

வள்ளி இன்னும் நடக்கவில்லை, பேசவில்லை. ஆனால் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. மூச்சு முட்டாமல், பசியில்லாமல் தூங்குகிறாள். இப்படிப்பட்ட பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மாரே, அவனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். பதில் நமக்குப் புரியாத பாஷையிலும் வரும். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.

நேற்றும் அக்கா வாசலில் நின்று கேட்டார். "ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்துக்கா," என்றேன். "ரெண்டு பேருக்கும்."