அண்ணன் கேட்ட வெள்ளை விமானம்

அந்த விமானம் அவ்வளவு அழகாக இருந்திருக்கக் கூடாது. பிரான்சிலிருந்து லீவில் வந்த மாமா பெட்டியைத் திறந்ததும் செக்கச்செவேலென்று, இறக்கை தாழ்ந்து, போர் விமானத்தைச் சுருக்கி வைத்த மாதிரி அது வெளியே வந்தது. வீடே வாயைப் பிளந்தது. அண்ணன் மட்டும் ஒப்புக்குச் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணன் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கோ ரேடியோவால் ஓடும் சின்ன விமானம் ஒன்றைக் கடற்கரையில் பறக்கவிட்டுப் பழக வேண்டும் என்று பித்து. மாமா முந்தின லீவில் விட்டுப்போன விளம்பரப் புத்தகத்தைத் தமக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் மாதக்கணக்கில் படித்து, கடைசியில் ஒரு வெள்ளை விமானத்தைத் தேர்ந்தெடுத்தார். உடம்புக்கு மேலே உட்கார்ந்த அகல இறக்கை, நுனி இரண்டும் லேசாகத் தூக்கியிருக்கும். பார்க்க அசட்டுக்களை. அதை அவரிடமே சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. புதிதாகப் பழகுகிறவனுக்கு அதுதான் சரி, மெதுவாகப் போகும், தப்பாகத் திருப்பினாலும் கையை எடுத்துவிட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார்.

அப்பா சைகோனில் சொல்தாவாக, அதாவது பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து, பிரெஞ்சு ராணுவத்தின் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். இங்கே பிரான்சிலிருந்து ஒரு சாமான் வந்தால் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். குடும்பத்தின் மானம் அதில் இருக்கிறது. வெள்ளை விமானத்தின் படத்தைப் பார்த்த அப்பாவுக்கு, பிள்ளை கூச்சப்பட்டு மட்டமானதைக் கேட்கிறான் என்று தோன்றிவிட்டது. அண்ணனுக்குத் தெரியாமல் மாமாவுக்குச் சொல்லி, இருப்பதிலேயே உயர்ந்ததை வரவழைத்தார்.

அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து வாங்கினார். எங்களில் புது வண்டி எது வந்தாலும் அப்படித்தான். சாயங்காலம் சொந்தக்காரர்கள் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். இனி அண்ணன் எந்த வாயால் வேண்டாம் என்பார்? காற்று பலமாக இருந்தது. மாமா வீசிவிட, விமானம் சீறிக்கொண்டு ஏறி ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் பதறித் திருப்பினார், மறுபக்கம் கவிழ்ந்தது. கையை எடுத்தால் நிமிர்கிற ஜாதி இல்லை அது. கைதட்டல் ஓய்வதற்குள் மணலில் மூக்குக் குத்திச் சிதறியது.

அப்பா திட்டவில்லை. "பரவால்ல தம்பி, ஒனக்குக் கை வரல" என்று தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு மாமா இன்னொன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் அப்பாதான் முந்திக்கொள்வார்: அவனுக்கு அது வராது மச்சான், பாவம், இன்னொரு தரம் நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் என்ன என்று அண்ணனிடம் சண்டை போட்டேன்.

"அப்பா ஆசையா எடுத்தது பாப்பா. அதுதான் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

இப்போது அதே கடற்கரையில் பள்ளிப் பிள்ளைகள்கூட ட்ரோன் விடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அண்ணன் நின்று பார்ப்பதுகூட இல்லை. ஒரே ஒரு ஆசை வைத்திருந்தார். அதையும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். எங்கள் வீட்டில் என்னைத் தவிர அது கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது.

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒருநாள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஏரோப்ளேன் நல்ல சாமான் தம்பி. நீ கொஞ்சம் நிதானமா விட்டிருந்தா..." என்று இழுத்தார்.

அண்ணன் அவர் போர்வையைச் சரிசெய்தபடியே, "ஆமாம்பா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"போவுது விடு" என்று அப்பா அவரைத் தேற்றினார்.