பேசினவர்கள் பட்டியல்

ஈரம் பட்ட சாக்பீஸ் கரும்பலகையில் கிறீச்சிடும்போது பல் கூசுமே, அந்தக் கூச்சத்தை நான் ஒரு வருஷம் முழுக்க ஆசையாக அனுபவித்தேன். தலத்தெருவில் நான்காம் வகுப்புப் படித்தபோது என்னைத்தான் "லீடர்" ஆக்கியிருந்தார்கள். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டால் வகுப்பு என் கையில். பலகையின் ஓரத்தில் "பேசினவர்கள்" என்று தலைப்புப் போட்டு, வாய் திறந்தவர்களின் பெயரை எழுத வேண்டும். எழுதிய பிறகும் பேசினால் பக்கத்தில் "அடங்கவில்லை", அதற்கு மேலும் பேசினால் "மிகவும் அடங்கவில்லை". பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. இதற்குப் பெயர் பொறுப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், தருமபுரத்திலிருந்து நனைந்துகொண்டே நடந்து வந்த வசந்தா மூன்றாவது பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வகுப்பில் இல்லை. பக்கத்தில் இருந்த பிலோமினா அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்பு கொதிக்குதுடி" என்றாள். நான் பிலோமினாவின் பெயரை எழுதினேன். யாரிடமாவது துண்டு இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று அவள் பின்பெஞ்சுக்காரிகளைக் கேட்டாள். "அடங்கவில்லை" என்று சேர்த்தேன். கடைசியில் எழுந்து என்னிடமே வந்து, "டீச்சர்ட்ட போய் சொல்லுடி, இல்லாட்டி என்னயாச்சும் விடுடி, அவளுக்கு நடுங்குது" என்று கெஞ்சினாள். லீடர் வகுப்பை விட்டு நகரக் கூடாது, யாரையும் நகர விடவும் கூடாது என்பது எனக்குச் சொல்லப்பட்ட சட்டம். நடுங்கியவளை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மிகவும்" என்ற சொல்லை இடம் போதாமல் நெருக்கி எழுதியது இன்றைக்கும் என் விரல் நுனியில் இருக்கிறது.

டீச்சர் வந்தார், பலகையைப் பார்த்தார், ஸ்கேலை எடுத்தார். பிலோமினா சொல்ல வாயெடுத்தாள். "எதுத்தா பேசுற?" என்று அதற்கும் சேர்த்து இரண்டு விழுந்தது. அடி விழுந்துகொண்டிருக்கும்போதே வசந்தா பெஞ்சிலிருந்து சரிந்து, தரையில் வாந்தியெடுத்து, கண் செருகிக் கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பத்து நாள் கழித்துக் குச்சிபோல் திரும்பி வந்தாள். பிழைத்தது அவள் அதிர்ஷ்டத்தால். எங்கள் ஒழுக்கத்தால் அல்ல.

அதற்கப்புறம் யாராவது பிலோமினாவைக் கூப்பிட்டு, "நீ செஞ்சதுதான் சரி" என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை. என்னைத்தான் நிறுத்தி, "பொறுப்புன்னா இவகிட்ட கத்துக்கணும்" என்றார் டீச்சர். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒன்பது வயதில் எனக்கு என்ன தெரியும் என்று என்னை நானே மன்னித்துவிடலாம்தான். ஆனால் பிலோமினாவுக்கும் ஒன்பது வயதுதானே, அவளுக்குத் தெரிந்ததே!

பிலோமினா பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னோடு மட்டுமில்லை, வகுப்பில் யாரோடும். அரையாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயம், டீச்சர் வகுப்பில் இல்லாதபோது, முன்பெஞ்சில் ஒரு சின்னப்பெண்ணுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, சட்டையெல்லாம் சிவப்பாகி, அவள் பயந்து அழுதாள். நாற்பது பேரும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தோம். பிலோமினாவும்தான். ஒருத்திகூட அசையவில்லை. அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் வாசலில் நின்று, எவ்வளவு அமைதியான வகுப்பு என்று பாராட்டிவிட்டு, அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தார்.

கரும்பலகை இப்போது எங்கே இருக்கிறது? ஸ்கேல் அடியும் ஒழிந்தது, நல்லது. என் மகள் கோவில்பத்துப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். சுவர் முழுக்க அன்பு, பகிர்தல், நல்ல குடிமகன் என்று கலர் கலராக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் அவள் சட்டையில் "மானிட்டர்" பேட்ஜும் கையில் ஒரு குட்டி நோட்டுமாக வந்தாள். நோட்டில் ஏழு பெயர்கள். இவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "தெரியாதும்மா. வாய் அசஞ்சா எழுதணும்னு மிஸ் சொன்னாங்க" என்றாள்.

மறுநாளே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் மிஸ்ஸைப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் மேல் பிரியமான பெண்தான், பொய் சொல்லக் கூடாது. "சின்ன வயசுலயே பொறுப்பு வரணும்ல மேடம்" என்றார். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு, வசந்தா கதையை முழுசாகச் சொல்லி, "நோட்டு இருந்துட்டுப் போகுது. பேர எழுதறதுக்கு முன்னாடி, 'ஏன் பேசுன'ன்னு அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை மட்டும் எம்பொண்ண கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அப்படிக் கேட்டா அவ வாயும் அசையுமே, அவ பேரயும்ல எழுதணும் மேடம்" என்றார்.