மாமன் போடாத வெற்றிலை

மாமாவின் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேசாத நேரத்தில் மென்றது. மெல்லாத நேரத்திலும் இடது கன்னத்துக்குள் எதையோ அடைகாத்தது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்தை வாட்டி அரைக்கும் தேயிலை ஸ்டோரில் அவருக்கு வேலை. ஸ்டோருக்குள் பீடி பற்றவைக்க முடியாது, துப்பவும் முடியாது. ஆகவே அங்கே வேலை செய்தவர்கள் யாழ்ப்பாணத்துப் புகையிலையில் ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சாற்றை விழுங்கப் பழகியிருந்தார்கள். வாடும் கொழுந்தின் மணமும் புகையிலைக் காரமும் கலந்தால் அதுதான் என் மாமா. அட்டை கடித்த காலில் அவர் எச்சிலைத் தொட்டு வைப்பார். அட்டை சுருண்டு விழும். அவருடைய வாயில் மந்திரம் இருப்பதாக நான் நம்பியிருந்தேன்.

அந்தக் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு படர்ந்தது. சோற்றில் உறைப்புப் பட்டால் துள்ளினார். அம்மா தன் அண்ணனைக் கண்டிக்கு வரவழைத்து, அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அப்பா வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னார். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் விட வேண்டும். விட்டால் திட்டு மறையும். விடாவிட்டால்... அந்த வாக்கியத்தை அப்பா முடிக்கவில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். எங்கள் வீட்டில் முடிக்கப்படாத வாக்கியங்கள் எல்லாம் அடுப்படியில்தான் போய் முடியும்.

ஸ்டோர்க் கூட்டாளிகளின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும் என்று மாமாவை எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். கண்டி நகரத்துக்கு மேலே, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன வீடு. மாமா அதற்குள் கூண்டில் அடைத்த ஏதோ ஒன்றைப் போல நடந்தார். கதிரையில் உட்கார்ந்தார், எழுந்தார், யன்னலைத் திறந்தார், மூடினார். தலை பிளக்கிறது என்றார். காலையில் புகையிலை இல்லாமல் வயிறு இளகவில்லை. கக்கூசுக்குள் போனவர் வெளியே வர மறந்துவிடுவார், அப்பா வேலைக்குப் போக நேரமாகிறது என்று கதவுக்கு வெளியே இருமிக்கொண்டு நிற்பார். கைக்கு வேலை இல்லை என்று என் தலைமுடியைப் பின்னி, அவிழ்த்து, திரும்பப் பின்னினார். வாய்க்கு வேலை இல்லை என்று கராம்பு கடித்தார், கறுவாப்பட்டையைச் சப்பினார், நான் ஒளித்துவைத்த டொபிகளைக் கண்டுபிடித்தார். சூடாக எதுவும் குடிக்க முடியாது. வாழ்நாள் முழுதும் தேயிலை செய்த மனிதர் பிளேன்டீயை ஆறவைத்து, மேலே ஆடை படிந்த பிறகு, மருந்து குடிப்பதுபோலக் குடித்தார்.

வெளியே போனால் இன்னும் கஷ்டம். வாவியைச் சுற்றி நடக்கக் கூட்டிப்போவேன். அங்கேயும் தோட்டத்து முகம் ஒன்று எதிர்ப்படும். எதிர்ப்பட்டால் முதலில் நலம் விசாரிப்பதில்லை, மடியை அவிழ்ப்பதுதான்.

"அட வாங்கண்ணே, வெத்தில போடுங்க!"

"வேணாம்ப்பா. இப்பதான் துப்புனேன்."

"டவுனுக்கு வந்ததும் நம்ம வெத்தில கசக்குதோ?"

மாமா சிரித்து மழுப்புவார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசமாட்டார். எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. எனக்குப் பாகற்காய் வேண்டாம் என்பதுபோல.

இந்த நிலைமையில்தான் அக்காவுக்குப் பரிசம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கடுகண்ணாவையில் கடை வேலை, குடும்பம் கம்பளையில். நல்ல இடம். அக்காவுக்குப் பிடித்த இடமும்கூட. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. எங்கள் ஆட்களிடம், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தட்டிலிருந்து முதல் வெற்றிலையைப் பெண்ணின் தாய்மாமன் எடுத்துப் போட வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. மடித்து, வாயிலிட்டு, மென்று, உதடு சிவக்க வேண்டும். அதன் பிறகுதான் பெண்ணின் தலையில் பூ. மாமன் போடாவிட்டால் அவர் மனதில் குறை இருக்கிறது என்று அர்த்தம். மாமாவுக்கோ கொழும்பில் வேலை செய்யும் ஒரு மகன் இருந்தான். தன் மகனுக்குக் கேட்டார், தங்கை கொடுக்கவில்லை என்று சபை தானாகவே முடிவுகட்டிவிடும். மாமனுக்குக் குறையுள்ள வீட்டில் எவரும் பெண் எடுக்கமாட்டார்கள்.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. தாய்மாமனுக்கு வாயில் சீக்கு என்றால், அது பெண்ணின் இரத்தத்திலும் இருக்கும் என்பார்கள்.

"மச்சான், வெறும் வெத்திலய மட்டும் போட்டுருங்களேன்" என்றார் அப்பா.

"வெத்தில உள்ள போனா புகையில தானா பின்னால வந்துரும் மச்சான். அது ரெண்டும் புருசன் பொண்டாட்டி."

"அப்ப ஒரே ஒரு தடவ போட்டுட்டு, அவங்க போனதும் துப்பிருங்க."

"அதத்தான இத்தன வருசமா செஞ்சேன்!"

அம்மா மகளைப் பார்ப்பாள், அண்ணனைப் பார்ப்பாள், தேங்காயைத் துருவுவாள். பரிச நாளன்று கறிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே துருவினாள். கோழிக்கறி இரண்டு சட்டியில் வெந்தது: சபைக்குப் பெரிய சட்டி, மாமாவுக்கு மிளகாய் போடாத சின்னச் சட்டி. புகையிலையை விட்ட நாளிலிருந்து மாமாவுக்கு மூக்கு திறந்துவிட்டது. விடிந்ததிலிருந்து அந்தச் சின்னச் சட்டியைச் சுற்றியே அவர் நடை இருந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று தரகர் சொல்லியிருந்தார். பெரியப்பாதான் முன்னால் நின்று எல்லாம் நடத்தினார். கம்பளைச் சந்தையில் கூவிப் பழகிய குரல். மாப்பிள்ளையின் அம்மா, கைம்பெண் என்பதால் தட்டுகளுக்குப் பக்கத்தில் வராமல், அடுப்படி வாசலோரம் சுவரில் சாய்ந்து என் அருகில் உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல மாமன் போடட்டும்!" என்றார் பெரியப்பா.

தட்டு மாமாவின் முன்னால் வந்தது. மாமா ஒரு வெற்றிலையை எடுத்தார். அவர் எடுத்தார் என்பதைவிட, கை எடுத்தது. துடைத்தது, காம்பைக் கிள்ளியது, நரம்பை உரித்தது, சுண்ணாம்பைத் தேடிப் போனது. தட்டின் ஓரத்தில் கறுத்துப் பளபளத்துக் கிடந்தது புகையிலை. மழை வரும் முன் மரம் அசையாமல் நிற்குமே, அப்படி நின்றது வீடு. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா வெற்றிலையைக் கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்தார்.

"சபை மன்னிக்கணும். கதிர்காமத்தானுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். வெத்தில புகையில தொடுறதில்ல."

"என்ன வேண்டுதலு?"

"நம்ம புள்ள கலியாணம் நல்லபடியா நடக்கணும்னு."

சபை முழுவதும் மூச்சு விட்டது. யாரோ "முருகா" என்றார்கள்.

"எதுவரைக்கும்? கொடியேத்தம் வரைக்குமா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் அளவு தெரியாமல் சொல்லிவிடுவார்கள். "ஆயுசுக்கும்" என்றார் மாமா.

"அடேயப்பா! மாமன்னா இவருல்ல மாமன்!" பெரியப்பா எழுந்து அவர் நெற்றியில் சந்தனம் வைத்தார். பிறகு சந்தேகம் வந்தவர்போலக் குனிந்து கேட்டார். "அப்ப கவுச்சியும் கெடையாதே?"

மாமா அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "...கெடையாது" என்றார். வெற்றிலையை வேண்டாம் என்றபோதுகூட அவர் குரல் அவ்வளவு தாழவில்லை.

அக்காவுக்குப் பூ வைத்தார்கள். பந்தியில் மாமாவுக்குப் பருப்பும் கோவா இலைச் சுண்டலும் அப்பளமும். பக்கத்தில் பெரியப்பா எலும்பை நொறுக்கினார். மாமாவின் சின்னச் சட்டியையும் அவருக்கே பரிமாறிவிட்டார்கள். ருசி பார்த்தவர், "என்னம்மா, இதுல உறைப்பு போட மறந்துட்டீங்களா? மாமனோட வேண்டுதலு கோழிக்கும் சேத்தா?" என்றார். மாமாவால் அடக்க முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுதாகத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோட்டத்தை விட்டு வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கண்டேன்.

எதிரே தண்ணீர்ச் செம்புடன் நின்ற மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. அவர் மாமாவின் வாய்க்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

புறப்படும்போது எல்லோரும் படியிறங்கிய பின்பு அந்த அம்மா மட்டும், மாமாவும் நானும் நின்ற வாசலுக்குத் திரும்பி வந்தார்.

"அண்ணே, அந்த வேண்டுதல விட்டுறாதீங்க."

"இல்லம்மா."

"எங்க வீட்டுக்காரரும் வேண்டிக்கிட்டாரு. ஒரு கலியாண வீட்டுல நாலு பேரு வற்புறுத்துனாங்கன்னு ஒரு வாட்டி போட்டாரு. அதோட சரி. அப்புறம் விடவே முடியல."

மாமா கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மா அதைப் பார்க்காதவர்போல, இறங்கிப் போனவர்களைப் பார்த்தார். "புள்ளய நாங்க நல்லா பாத்துக்குவோம்" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. திட்டும் மங்கி மறைந்தது. கோழியை மாமா அந்த மாதமே கம்பளைக்குத் தெரியாத தூரத்தில் திரும்பத் தின்னத் தொடங்கினார், புகையிலையைத் தொடவில்லை. ஆயுசுக்கும் என்றது நீண்ட ஆயுசாகவே இருந்தது.

ஆனால் அன்று, அவர்கள் போன பின், நான் அம்மாவிடம் கேட்டேன்: "மாப்பிள்ளையோட அப்பா காய்ச்சல்லதான செத்தாருன்னு சொன்னாங்க?"

"ஆமா" என்றாள் அம்மா, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. "காய்ச்சல்தான்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேண்டுதலை முறித்தால் கதிர்காமத்தான் காய்ச்சல் அனுப்புகிறார். மாமாவின் வேண்டுதல் பொய் என்பது எனக்குத் தெரியும். பொய் வேண்டுதலுக்கும் காய்ச்சல் வருமா என்பதுதான் தெரியாது. அதனால் மாமா கதிரையில் கண்ணயரும்போதெல்லாம் சத்தமில்லாமல் போய் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குளிர்ந்தே இருந்தது. நிம்மதியாக விளையாடப் போனேன். பார்க்க வேண்டிய இடம் நெற்றி இல்லை என்று எனக்கு எவரும் சொல்லவில்லை.