கங்காணிக்குக் கஞ்சி

அண்டாவில் சுற்றும் துடுப்பை நிறுத்தாமல், தலையை மட்டும் பின்னுக்கு இழுத்து, பலவேசம் ஒரு சொட்டுப் பசையைச் சுவரில் சுண்டி எறிகிறார். சொட்டு வழிந்து ஓடினால் பசை நீர்த்திருக்கிறது. உருண்டு நின்றுவிட்டால் இறுகிவிட்டது. அரை விரல் இறங்கி நின்றால்தான் அவருக்குச் சம்மதம். கொட்டகையின் மேற்குச் சுவர் முழுக்க இப்படிச் சுண்டிய சொட்டுகள் காய்ந்து, பல்லி முட்டைகளை அப்பி வைத்ததுபோல் இருக்கும். வெள்ளையடிக்க ஆள் வந்தால் விடமாட்டார். “அந்தச் செவத்துல கைய வச்சீகன்னா நாளைக்கி வெடி பூராம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்” என்பார்.

தாயில்பட்டியில் என் பட்டாசுக் கம்பெனிக்குப் பசை காய்ச்சுகிறவர் அவர். என் கம்பெனி என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சிவகாசியில் பிறத்தியார் கம்பெனியில் பசை வாளி சுமந்து, லேபிள் ஒட்டி, லோடு ஏற்றித்தான் வளர்ந்தேன். இன்று என் பெயர் போட்ட பெட்டி கல்கத்தா வரைக்கும் போகிறது. ஆளை எடை போடுவதில் நான் தவறியதே இல்லை. பலவேசத்தை வேலைக்கு வைத்ததே அதற்குச் சாட்சி.

பட்டாசுக் கம்பெனிக்குள் நெருப்பு ஆகாது. பீடி, தீப்பெட்டி எதுவானாலும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம். ஆனால் குழல் உருட்டப் பசை வேண்டும், பசைக்கு அடுப்பு வேண்டும். அதற்காக வெடிமருந்து அறைகளை விட்டு வெகுதூரம் தள்ளி, உடைமரங்களுக்கு நடுவில் ஒரு கொட்டகை. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த கற்கள். மருந்து பட்ட கையோ சேலையோ அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. பெண்கள் வாளியைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தால், பலவேசம் பசையைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டுத் திரும்புவார். இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் தீக்குச்சி கிழிக்க அனுமதி உள்ள ஒரே ஆள் அவர். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச ஆள் இல்லாதவரும் அவர்தான்.

அதனால் அடுப்போடு பேசுவார். “ஏலே, எரியுதியா, தூங்குதியா?” என்று விறகை ஒரு தட்டுத் தட்டுவார். புகை திரும்பி முகத்தில் அடித்தால், “ஒனக்கும் வாயாகிப் போச்சோ?” என்பார். சட்டை போடுவதில்லை. இரண்டு புருவமும் அனலில் கருகி, எப்போதும் எதையோ கேட்டு அதிசயப்பட்டவர்போல் ஒரு முகம். நாடே நயாபைசாவுக்கு மாறிவிட்டது, அவர் இன்னும் அணாவில்தான் பேசுகிறார். பெண்டாட்டி தவறிப்போய் வெகுநாள் ஆகிறது. வேலை முடிந்தும் ஏன் இங்கேயே குந்திக்கொண்டிருக்கிறீர் என்று ஒருநாள் கேட்டேன். “வீட்டுலயும் அடுப்புதான் இருக்கு மொதலாளி. அது பேசவும் செய்யாது” என்றார்.

அவருடைய வலது கை விரல்களைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். நகக்கண் எல்லாம் நீலம். மயில்துத்தம் ஏறிய நீலம். எலியும் பூச்சியும் பசையைத் தின்றுவிடாமல் இருக்க, கொதித்து வரும்போது ஒரு பிடி துத்தம் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். விஷம்தான். பலவேசம் அதைப் பார்த்துப் போடுவதில்லை. கண் அண்டாவில் இருக்கும், கை தானாகத் துத்தம் இருக்கும் தகரத்துக்குப் போய்விட்டு வரும்.

ஆவணி மாதத்தில் இந்தக் கொட்டகைக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. செவலை நிறம். யார் கொண்டுவந்து விட்டார்களோ, ஆறிய சாம்பலில் சுருண்டு கிடந்தது. கண் விழித்தால் அடுப்புக்கு எதிரே முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்து, துடுப்பு சுற்றுகிற பக்கமெல்லாம் தலையைச் சுற்றும். பலவேசம் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்துவிட்டார். “வேல செய்யாம, அடுத்தவன் செய்யிறத மட்டும் பாக்கான்லா, வேற என்ன பேரு வைக்க?” தன் கம்பங்கூழில் அதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை ஊற்றுவார். அதற்குப் பிறகு அவர் அடுப்போடு பேசுவது குறைந்துபோனது.

போன வாரம் ஒருநாள் காலையில் பசை வரவில்லை. தீபாவளி சீசன், ஆர்டர் கழுத்துக்கு மேலே கிடக்கிறது. குழல் உருட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன சங்கதி என்று நானே புறப்பட்டுப் போனேன். கல்லோரத்தில் காலி வாளிகளோடு பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்றவள் ராமுத்தாய். திரி செருகி ஒட்டுகிறவள்; வாய்க்குப் பேர்போனவள்.

“பசை எங்க ராமுத்தாயி?”

“அத எங்கள ஏன் கேக்கீக? மாமா இன்னைக்கி நாய்க்கி வைத்தியம் பாக்காக. எங்களுக்கெல்லாம் லீவு.”

நான் கல்லைத் தாண்டி உள்ளே போனேன். அண்டா கவிழ்த்தபடி கிடந்தது. சாக்கின்மேல் குட்டி துணிபோல் கிடந்தது. வாயோரம் நுரை, பின்பக்கமெல்லாம் ஈரம். வயிறு மட்டும் ஏறி இறங்கியது. பலவேசம் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“துடுப்பக் கட்டித் தொங்கவிடாம நேத்துக் கீழயே போட்டுட்டுப் போயிட்டேன் மொதலாளி. நக்கிருச்சு. வாயாலயும் போகுது, வவுத்தாலயும் போகுது.”

எனக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. “விளக்கெண்ணெய் கொடும்” என்றேன்.

கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து ராமுத்தாய் கத்தினாள். “வெளக்கெண்ணெயா! இருக்கிற உசுரும் சேந்து வந்துரும். பாலும் குடுத்துராதீக மாமா. குருணைக் கஞ்சி வச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஆத்தி, நாக்கு நனையிற அளவு குடுங்க. அம்புட்டையும் ஒரேயடியா ஊத்திப்பிடாதீக.” பிள்ளைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் ஒரே முற்றத்தில் வளர்த்தவள் அவள்.

“நீ வந்து ஒரு வாய் காச்சிக் குடுத்துட்டுப் போ தாயி” என்றார் பலவேசம்.

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் கரிமருந்து. சேலை முந்தியிலும் மருந்து. அந்தக் கோலத்தில் அடுப்புப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டிலிருந்து குருணை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினேன். ஒரு காலத்தில் நாங்கள் அந்தக் குருணைக்கே கடைவாசலில் நின்றிருக்கிறோம். இப்போது கோழிக்குப் போடுகிறோம். குருணை வந்ததும், “நீர் கஞ்சியைக் கவனியும், பசையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டித் துடுப்பைக் கையில் எடுத்தேன். எத்தனை வருஷம் ஆனால் என்ன, கை மறக்கவில்லை. கட்டி தட்டாமல் மைதா கரைக்க இன்றைக்கும் என்னோடு போட்டிக்கு நிற்க ஆள் இல்லை.

பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி, ஒரு மண்சட்டியில் பலவேசம் குருணையை ஏற்றினார். சட்டி நுரைத்துப் பொங்கியது. அவர் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அண்டாவைக் கிண்டியபடி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

“மாமா! கையி! கையப் பாருங்க!”

ராமுத்தாய் போட்ட சத்தத்தில் உடைமரத்துக் காக்கை எழுந்து பறந்தது. பலவேசத்தின் வலது கை சட்டிக்கு மேலே விரிந்து நின்றது. கஞ்சி வெளிறிய நீலமாக மாறிக்கொண்டிருந்தது.

அவர் சட்டியைத் தூக்கிப் போய்க் சாம்பல் குழியில் ஊற்றினார். சட்டியையும் உடைத்துப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். திரும்பி வந்து குட்டிக்கு எட்டத் தள்ளி உட்கார்ந்தார்.

“தகரத்தை நான் எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுகிறேன் ஐயா” என்றேன்.

“தகரத்த அங்கிட்டு வைக்கலாம் மொதலாளி. இந்தக் கைய எங்கன வைக்க?” நீல நகங்களை என் முன்னால் நீட்டினார். “இது போட்டாலும் விஷம், போடாட்டியும் விஷம்.”

“அப்படியானால் தள்ளும். நானே காய்ச்சுகிறேன்.”

“நீங்களும் பசைக்காரகதான!” என்றாள் ராமுத்தாய். “ஒங்க கைய மட்டும் எத வச்சு நம்ப?”

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளியைப் பார்த்து ஒரு வேலைக்காரி கேட்கிற கேள்வியா அது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. பசைக்காரன் என்ற பட்டம் பெட்டியில் அச்சடித்த என் பெயரைவிடப் பழையது. அவள் வாயால் கேட்க எனக்குப் பெருமையாகவே இருந்தது. எனக்குச் சாப்பாடு வந்திருந்த, மதுரையில் வாங்கிய எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் காலி செய்து பலவேசத்திடம் நீட்டினேன். நாய்க்குக் கஞ்சி காய்ச்ச எவர்சில்வர் கொடுத்த முதலாளி இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். வலது கையை இடுப்போடு சேர்த்து வைத்து, துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியை இடது கையிலும் மறு நுனியைப் பல்லிலும் பிடித்து இழுத்து முடிந்தார். முடிச்சை இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார்.

இடது கையால் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குருணை பாதி தரையில் கொட்டியது. விறகைத் தள்ளினால் சட்டி சாய்ந்தது. நான் உதவப் போனால், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“பீச்சாங்கையால சமைக்கிற ஆளு நம்ம கங்காணிக்குத்தான் வாச்சிருக்கு” என்றாள் ராமுத்தாய். யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. “ஆறட்டும் மாமா, அவசரப்படாதீக” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். பெண்களை வேலைக்குப் போகச் சொல்லி நான் விரட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு விரட்டவில்லை.

தெளிந்த தண்ணீரைச் சிரட்டையில் இறுத்தார். ஆவி அடங்கும்வரை வாயால் ஊதினார். குட்டி மூக்கைத் தூக்கியது, பிறகு சாக்கில் போட்டுக்கொண்டது. நக்கப் பலம் இல்லையோ, இல்லை மணம் பிடிக்கவில்லையோ. அவர் சிரட்டையை அதன் வாய்க்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்தினார். வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தார். பிறகு தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தார்.

குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் குட்டியின்மேல் இருந்தது. கவனமெல்லாம் தன் வயிற்றுக்குள். நான் ஒரு வாளி பசை இறக்கிக் கல்லோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அதுவரைக்கும் அவர் அசையவில்லை.

அப்புறம் சிரட்டையைக் குட்டியின் தாடைக்குக் கீழே நகர்த்தி, நீர் அதன் நாக்கைத் தொடுமாறு சாய்த்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாக்கு ஒருமுறை நீண்டு உள்ளே போனது. மறுபடியும் நீண்டது. பலவேசத்தின் கருகிய புருவங்கள் மேலே ஏறின. வாயைத் திறந்தபடி குனிந்திருந்தார். குட்டி நக்கும்போதெல்லாம், வாயில் ஒன்றும் இல்லாமலேயே, அவர் தொண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தது.