சரிவில் கிடந்த டேப்

பத்தாம் வகுப்புக்கு இருபது வருடமாகக் கணக்கு எடுக்கிறவள் நான். என் காட்டுக்கே வந்து ஒருவர் கணக்கைத் தப்பாகப் போட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா?

சித்தையன்கோட்டை தாண்டி, மேற்கிலிருந்து கிழக்கே நன்றாகச் சரிந்து இறங்கும் தென்னங்காடு, அப்பா எனக்கு எழுதிவைத்தது. கிழக்கு ஓரத்தில்தான் தண்ணீருக்குப் போட்ட போர்வெல். அது கைவிட்டுப் போனால் அத்தனை மரமும் காய்ந்துவிடும்.

கிழக்குக் காட்டுக்காரர் எல்லை அளக்க மனுப்போட, சர்வேயர் வந்தார். டேப் பிடிப்பது எங்கள் ஊர்ப்பக்கம் காட்டுக்காரர் பொறுப்பு. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நுனியைப் பிடித்தார். மேற்குக் கல்லிலிருந்து டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டு மேடும் பள்ளமுமாக இறங்கினார்கள். வரைபடத்தில் இருந்த தூரம் முடிந்த இடத்தில் கல்லை நடச் சொன்னார் சர்வேயர். போர் எல்லைக்கு வெளியே இரண்டடி தள்ளிக் கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைபடத்தில் இருப்பது மட்டமான தூரம். டேப்பைச் சரிவில் படுக்கப்போட்டால் ஏற்ற இறக்கத்துக்கே கொஞ்சம் செலவாகி நிலம் குறையும். இதைச் சொன்னால் அந்த ஆள் என்னைப் பார்க்கவே இல்லை. இம்புட்டு வருசமா இப்படித்தான் அளக்கிறோம் என்று என் வீட்டுக்காரரிடம் பதில் சொன்னார். இவரும் தலையாட்டினார். தன் கையால் டேப்பைப் பிடித்துக்கொண்டே பெண்டாட்டி காட்டைத் தாரை வார்க்கிற மனுஷனை என்ன சொல்ல!

பக்கத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்தேன். டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடிக்கவைத்து, நுனியிலிருந்து குண்டை இறக்கி, அது தொட்ட இடத்திலிருந்து அடுத்த ஐந்து மீட்டர். இப்படியே படி இறங்குகிற மாதிரி கீழே வந்தோம். போர் எங்கள் பக்கம் வந்துவிட்டது. கிழக்குக்காரரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

நான் அதோடு விடவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் காட்டை இப்படிச் சுருக்கலாமா என்று பொரிந்து தள்ளினேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சர்வேயர் முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

“போன வருசம் வடக்குக் காட்டச் சரிவுல இப்படித்தானம்மா அளந்தேன். அப்ப நீங்க ஒண்ணும் பேசலையே?”

உண்மைதான். அன்றும் நான் அங்கேயேதான் நின்றேன். எங்கள் காட்டை நோக்கிச் சரியும் வடக்குக் காட்டுப் பெரியவரின் நிலம் அந்த அளவில் சுருங்கி, அவருடைய இரண்டு முருங்கை மரங்கள் எங்கள் எல்லைக்குள் வந்தன. என் கையால வச்ச மரம் தாயி என்று அவர் கெஞ்சியபோது, அளவு என்ன பொய்யா சொல்லும் என்று கேட்டவள் நானேதான். டேப் தரையில் கிடந்ததும் என் கண்ணுக்குத் தெரிந்தது. ச்சே, எனக்கு வெட்கமாக இருந்தது.

“அதையும் இப்பவே மட்டம் புடிச்சு அளங்க” என்றேன்.

அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எல்லோருக்குமாக நான் கட்டிக்கொண்டு வந்திருந்த வெஞ்சனம் அந்த மரத்து முருங்கைக்காய்.