நளீமுக்காகப் பேசுகிறவர்

“நளீம் காக்கா, சுகமா?” என்று அண்ணன் முறையில் யார் கேட்டாலும், “என்ன சுகம், ராவெல்லாம் இருமல்” என்று சல்மா உம்மாதான் பதில் சொல்வார். நளீம் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சிரிப்பார்.

நிந்தவூரில், பஸ் போகும் வீதியோரத்தில் இந்தத் தம்பதியின் தேத்தண்ணிக் கடை. ஒருமுறை பல் வைத்தியர் “எந்தப் பல் வலிக்குது?” என்று நளீமைக் கேட்டபோதும், “கீழ்க் கடவாய்” என்று முந்திக்கொண்டவர் சல்மா உம்மாதான். “அந்த மனிசனுக்குக் கதைக்கத் தெரியா தம்பி, வாயில்லாப் பூச்சி” என்பார். நீங்கள் எப்போது வாய் திறக்க விட்டீர்கள் என்று, தினமும் அங்கே தேத்தண்ணி குடிக்கும் நான் சீண்டினால், வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரிப்பார்.

சல்மா உம்மா சவளக்கடை ஊருக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த அன்று, யாரோ ஒருவன் கடையில் ஒரு பையை வைத்துவிட்டுப் போய்விட்டான். பைக்குள் தடைசெய்த சாமான் இருக்கிறது என்று பொலிஸ் வந்து பையோடு நளீமையும் கொண்டுபோனது. வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. போன நோன்பும் சிறையில், இந்த நோன்பும் சிறையில்.

சட்டத்தரணி தர்சினி மனுப் போட்டார். ஆளை மன்றுக்குக் கொண்டுவாருங்கள், ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்பதுதான் மனு. பை வைத்தவனின் முகத்தைக் கண்டது நளீம் மட்டுமே. “இதுக்கு மட்டும் நான் கதைக்க ஏலா தம்பி, அவர்தான் சொல்லோணும்” என்றார் சல்மா உம்மா. அவர் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

கல்முனை நீதிமன்றத்தில் நடந்த விசாரணைக்கு நானும் கூடப் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். நளீம் வரவில்லை. சிறையில் வாகனம் இல்லையாம். வேறொரு நாளுக்குத் தவணை தருவார்கள் என்று நினைத்தேன். “அவருடைய வாயால் ஒருமுறை கேளுங்கள்” என்று தர்சினி மன்றாடினார். பொலிஸ் தந்த கடதாசியில் உள்ளதே போதும் என்று நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்த வழக்கை எடுத்தார். ஆளைக் கொண்டுவரச் சொன்ன மனு, ஆள் வராமலே முடிந்துவிட்டது!

சல்மா உம்மா எழுந்தார். “சேர், அவருக்கிட்ட ஒண்டும் கேக்கல்லியே!”

“இரிங்க உம்மா” என்று அதட்டினார் வாசலில் நின்ற பொலிஸ்காரர். சல்மா உம்மா உட்காரவில்லை.

அடுத்த கிழமை சிறைக்குப் போனோம். கம்பி வலைக்கு அப்பால் நளீம் மெலிந்துபோய் நின்றார். மனுவின் முடிவு அவருக்கு இன்னும் எட்டவில்லை.

“சல்மா, என்னை எப்ப கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்க? சொல்லுறதெல்லாம் மனசில பாடமாக்கி வெச்சிரிக்கன்” என்றார்.

சல்மா உம்மா முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு மெல்லக் குனிந்து, தன் காதைக் கம்பி வலையில் வைத்தார்.